1966 ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸ்: 6,000 டாலர் பெறுமா, வாசிக்க நன்றாக இருக்குமா?

அமெரிக்காவின் பஃபலோவில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸை (தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு தந்தி மின் கித்தார்) 6,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கலாமா என்று டொராண்டோவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு நிறம், ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு (விரல்கள் தந்தியை அழுத்தும் பலகை), நெக் எனப்படும் நீண்ட கழுத்தின் அடியில் ‘5 மே 66 சி’ என்ற முத்திரை, உள்ளே இருக்கும் மின்பாகங்களிலும் 66 என்ற எண். இவற்றை வைத்து, கருவி 1966ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி செய்யப்பட்டது, எல்லாமே அசல் என்று விற்பவர் அடித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். விலை நியாயமா என்பது உங்கள் நேரடிக் கேள்வி. ஆனால் கச்சேரிகளில் தொடர்ந்து வாசிக்க வேண்டும், பின்னால் விற்க நேர்ந்தால் நஷ்டப்படக் கூடாது என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். பழைய பேஸின் விலையைத் தீர்மானிப்பது, அதில் எவ்வளவு பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்பது. அதன் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நெக்கின் ஆரோக்கியம். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கித்தார்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பதே என் தொழில். இந்தக் காலகட்டத்து ஃபெண்டர் பேஸ்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். இருந்தாலும் நீங்கள் அனுப்பியவை வெளிப்புறப் படங்கள் மட்டுமே. முக்கியமான சான்றுகள் எல்லாம் பிக்கார்டின் (முகப்பில் திருகியிருக்கும் பாதுகாப்புத் தகடு) அடியிலும் நெக் பொருந்தும் குழியிலும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

முதலில் ஆண்டு ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லியோ ஃபெண்டர் 1951இல் ப்ரெசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 34 அங்குலத் தந்தி நீளமும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) கொண்ட இன்றைய வடிவம் 1957இல் நிலைபெற்றது. 1965 ஜனவரியில் அவர் நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். சேகரிப்பாளர்கள் அந்த மாதத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள்: கோட்டுக்கு முந்தையது பொக்கிஷம், பிந்தையது ஒரு படி கீழே. தொழிற்சாலைக்குள் அப்படி ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. கலிஃபோர்னியாவின் அதே ஃபுல்லர்டன் ஊரில், பெரும்பாலும் அதே ஆட்கள், அதே இயந்திரங்களில், அதே மாதிரி மரத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சுகூட 1968 வாக்கில்தான் தடித்த பாலியெஸ்டருக்கு வழிவிட்டது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஒரு 1966 பேஸ், வாசிப்பவர் கைக்கு 1964ஆம் ஆண்டுக் கருவியைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. விலை மட்டும் குறைவு. வாசிக்க வாங்குகிறவருக்கு இந்த ஆண்டுகள் நல்ல வாய்ப்பு என்பதே என் கருத்து.

இனி அந்த முத்திரை. அதன் முன்னால் இருக்கும் 5, தேதி அல்ல. அறுபதுகளின் அந்த முத்திரைகளில் முதல் எண் எந்த மாடலுக்கான நெக் என்பதைக் குறிக்கும். ப்ரெசிஷன் பேஸுக்கு 5, ஜாஸ் பேஸுக்கு 7. கடைசியில் வரும் சி, நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் ‘நட்’ என்ற துண்டு இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம்: 1¾ அங்குலம். ஏ என்றால் 1½ அங்குலம். எனவே உங்கள் முத்திரை, ‘சி அகலமுள்ள ப்ரெசிஷன் நெக், 1966 மே மாதம்’ என்று சொல்கிறது. நல்ல சான்றுதான், ஆனால் அது நெக்குக்கு மட்டுமே சான்று. நான்கு திருகுகளைக் கழற்றினால் ஃபெண்டரின் நெக் தனியாக வந்துவிடும். வேறொரு பாடியில், அதாவது மர உடலில், அதைப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். அதனால்தான் பாடியை அதன் சொந்தச் சான்றுகளைக் கொண்டு தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களை நாங்கள் பாட் என்போம். அவற்றின் முதுகில் அச்சாகியிருக்கும் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376620 என்று இருந்தால் சி.டி.எஸ். நிறுவனம் 1966இன் 20ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஃபெண்டர் 1966இல் பாட்களை ஏராளமாக வாங்கிக் குவித்துவிட்டது. அந்த இருப்பை அதன் பிறகும் சில ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். 1969 கருவியிலும் 66 என்ற எண்ணுள்ள பாட் இருக்கும். ஒரு பாகத்தின் தேதி, ‘இதற்கு முன்னால் கருவி முழுமையாகியிருக்க முடியாது’ என்பதை மட்டுமே சொல்லும். இருப்பதிலேயே பிந்தைய தேதி எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நெக் தட்டில் உள்ள வரிசை எண்ணை இதைவிடவும் குறைவாகவே நம்புங்கள். 1965 கடைசி முதல் அந்தத் தட்டில் பெரிய ‘எஃப்’ எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தட்டுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டினார்கள், எண்கள் ஒழுங்காக ஏறுவதில்லை. பழைய தட்டுகள் தனியாகவும் விற்பனையாகின்றன.

உங்கள் பணம் பெரும்பாலும் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் அந்தக் கறுப்பு நிறம். அன்றைய வழக்கமான நிறம் சன்பர்ஸ்ட், அதாவது நடுவில் மஞ்சளாகத் தொடங்கி விளிம்பில் கருமையாகும் பூச்சு. கறுப்பு, கூடுதல் கட்டணத்தில் கேட்டு வாங்கும் சிறப்பு நிறங்களில் ஒன்று. உண்மையிலேயே தொழிற்சாலைக் கறுப்பு என்றால் விலை சன்பர்ஸ்டைவிட மேலே போகும். எழுபதுகளில் யாரோ தன் வீட்டுக் கொட்டகையில் அடித்த கறுப்பு என்றால், இந்தத் தொழிலில் பொதுவாக வைக்கும் கணக்குப்படி மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். சன்பர்ஸ்ட் பிடிக்காமல் கறுப்பு அடித்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். எனவே அசல் கறுப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

பிக்கார்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் திருகுகள் இறங்கும் துளைகளை ஒரு கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொழிற்சாலையில் பூச்சு முடிந்த பிறகுதான் அந்தத் துளைகளைப் போட்டார்கள். ஆகவே அசல் பூச்சில் துளையின் விளிம்பு வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும், உள்ளே வெறும் மரம் தெரியும். மறுபடி பூசிய பாடியில் வண்ணம் துளைக்குள் வழிந்து இறங்கியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். அடுத்து நெக்கைக் கழற்றி அந்தக் குழியைப் பாருங்கள். அறுபதுகளின் நடுவில், பூசும்போது பாடியைப் பிடித்துக்கொள்ள ஒரு குச்சியை அந்தக் குழியில் திருகினார்கள். குச்சி இருந்த இடத்தில் மேல்வண்ணம் ஏறாத ஒரு பட்டை நிற்கும். குழி முழுக்க ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். முழங்கை படியும் இடத்திலும் பின்புற வயிற்றுச் சரிவிலும் வளைவுகள் தெளிவாக இருக்கின்றனவா என்றும் கையால் தடவிப் பாருங்கள். பழைய பூச்சை உப்புத்தாள் போட்டு எடுத்த பாடியில் அந்தக் கோடுகள் கரைந்துபோயிருக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. எங்காவது கறுப்பு உதிர்ந்த இடத்தில் அடியில் சன்பர்ஸ்ட் தெரிந்தால், ‘மறுபூச்சு’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே சன்பர்ஸ்ட் அடித்து வைத்திருந்த பாடிகளின் மேலேயே சிறப்பு நிறத்தைப் பூசி அனுப்பும் பழக்கம் தொழிற்சாலைக்கும் இருந்தது. புற ஊதா விளக்கு ஓரளவு உதவும்: வயதான நைட்ரோ லாக்கர் மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும், புதிய பூச்சுகள் பெரும்பாலும் அப்படி ஒளிர்வதில்லை. ஆனால் 1970இல் ஒருவர் அதே நைட்ரோவால் பூசியிருந்தால் விளக்கு உங்களை ஏமாற்றிவிடும். பூச்சில் நெடுக ஓடும் மயிரிழை விரிசல்களும் அப்படித்தான். குளிர்வித்துச் செயற்கையாக அவற்றை வரவழைக்க முடியும். துளைகளும் நெக் குழியும்தான் நான் அதிகம் நம்பும் சாட்சிகள்.

பிக்கார்டு கழன்றிருக்கும்போதே ஈயப் பற்றவைப்புகளையும் பார்த்துவிடுங்கள். அறுபது ஆண்டு தொடாத பற்று மங்கிய சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். அன்றைய கம்பிகளுக்குத் துணி உறை. பளபளக்கும் ஈயமோ பிளாஸ்டிக் உறைக் கம்பியோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஜாக் (கேபிள் செருகும் துளை) போன்றவை தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ‘எல்லாமே அசல்’ என்ற பேச்சு அங்கே முடிந்துவிடும். பிக்கப்பைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கேபிளைச் செருகி, வால்யூமையும் டோனையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உறைப் பகுதிக்கும் இடையே அளந்தால் சுமார் 10 முதல் 11 கிலோஓம் காட்ட வேண்டும். 250 கிலோஓமுக்கு அருகில் காட்டினால் பிக்கப் சுருளில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, நீங்கள் அளப்பது வால்யூம் பாட்டை மட்டும். அறுந்த சுருளைத் திரும்பச் சுற்றலாம், நல்ல கையால் சுற்றினால் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் சேகரிப்பாளர் அதற்கும் விலையைக் குறைப்பார். பிறகு ஆம்ப்ளிஃபையரில் போட்டுக் கேளுங்கள். இந்தப் பிக்கப்பின் இரு பாதிகளும் இரைச்சலை ஒன்றுக்கொன்று அழித்துக்கொள்ளும்படி இணைக்கப்பட்டவை; பெரிதாக இரைந்தால் இணைப்பில் தவறு நடந்திருக்கிறது.

எழுபதுகளில் பலர் இந்தப் பேஸ்களில் பிரிட்ஜ் (தந்திகள் பாடியில் முடியும் உலோகத் தாங்கி) பக்கம் குடைந்து இரண்டாவது பிக்கப்பைச் சேர்த்தார்கள், பெரிய பிரிட்ஜ் பொருத்தினார்கள், முறுக்காணிகளை மாற்றினார்கள். பின்னால் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த குடைவு கறுப்புப் பூச்சின் கீழ் கண்ணுக்குத் தெரியாது. மறுபூச்சைக் கண்டு நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கைப் பாடியின் பரப்போடு சாய்த்துப் பிடித்து, பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் மேடு பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இதுவரை விலை. வாசிக்க நன்றாக இருக்குமா என்பதற்கு நெக்கிடம் வர வேண்டும். நல்ல தந்திகள் போட்டு, சரியாகச் சுருதி சேர்த்த பிறகே பாருங்கள். தந்தி தளர்ந்த நெக்கைப் பார்ப்பதில் பயனில்லை. தடித்த நான்காவது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளே ஃபிரெட்) கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், ஏழாவது ஃபிரெட்டின் மேல் தந்திக்கு அடியில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் பயமில்லை, நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடு வேலை செய்தால் சரி. அதுதான் கேள்வியே. இந்தக் காலத்து ஃபெண்டரில் ட்ரஸ் ராடைத் திருகும் மரை, நெக்கின் பாடி முனையில் இருக்கிறது. நெக்கைக் கழற்றும்போது அதைக் கால் சுற்று இரு பக்கமும் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தொண்டை வரை இறுகிப்போய் இன்னும் நெக் வளைந்தே நின்றால், செலவு பெரிதாகும். அடுத்தது, முறுக்காணிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் விளிம்போடு நீளவாக்கில் பாருங்கள். இரு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகாவிட்டால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பாடியோடு சேரும் இடத்தில், பதினைந்தாவது ஃபிரெட்டுக்கு மேல், பலகை எழும்பி நிற்பதும் இந்தப் பேஸ்களில் அடிக்கடி காணும் குறை. ட்ரஸ் ராடால் அது சரியாகாது. ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, பலகையை இழைத்து, புது ஃபிரெட் போட வேண்டும்.

அங்கே இன்னொரு வரம்பு இருக்கிறது. 1962 நடுப்பகுதிக்குப் பிறகு ஃபெண்டர் ரோஸ்வுட்டைத் தடித்த பலகையாக வைக்காமல், மெல்லிய தகடாக மேப்பிள் நெக்கின் வளைந்த முகத்தில் ஒட்டியது. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை இழைத்த பலகையாக இருந்தால் இனி இழைக்க மரமே மிச்சமிருக்காது. பலகையின் பக்கவாட்டில் ரோஸ்வுட் கோடு எந்த இடத்திலாவது திடீரென மெலிகிறதா என்று பாருங்கள். ஃபிரெட் தேய்ந்திருப்பதையோ மாற்றப்பட்டிருப்பதையோ நான் குறையாகச் சொல்லமாட்டேன். வாசிக்கப்பட்ட கருவி தேயத்தான் செய்யும், நேர்த்தியாகப் போட்ட புது ஃபிரெட்டுகள் உங்களுக்கு லாபமே.

மூன்றாவது விஷயம், மெல்லிய முதல் தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட் வரை ஒவ்வொரு சுரமாக மீட்டி, முழுதாக அடங்கும் வரை காத்திருங்கள். ஒன்றிரண்டு சுரங்கள் மற்றவற்றைவிட விரைவில் செத்துவிடும். நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய்த் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். இது எல்லா ஃபெண்டர் பேஸிலும் கூடவோ குறையவோ உண்டு, பழுது அல்ல. ஆனால் எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி மாறும். நீங்கள் அதிகம் வாசிக்கும் சுரத்தில் அது வந்து உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். எடையையும் பாருங்கள். அறுபதுகளின் ஆல்டர் மரப் பேஸ் நான்கு கிலோ சுற்றளவில் இருக்கும். ஐந்து கிலோவை எட்டினால், எழுபதுகளின் கனத்த ஆஷ் மரப் பாடியோ என்ற கேள்வியும் வரும்.

பழைய மரம் வயதாக ஆக இனிமையாக ஒலிக்கும் என்று விற்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அதற்காகக் கூடுதலாக ஆயிரம் டாலர் கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நாம் கேட்கும் ஒலியில் மரத்தின் வயதைத் தனியே பிரித்தெடுக்க என் காதால் முடிந்ததில்லை. தந்திகளும் விரல்களும் செய்யும் வேலையை மட்டும் யாரும் கேட்டு உணரலாம். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைப்பதிவு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஒரு 1962 ப்ரெசிஷன். கனமான, தட்டையாகச் சுற்றிய தந்திகளைப் போட்டு, அவற்றை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் வாசித்தார், வலக்கையின் ஒரே ஆள்காட்டி விரலால். அன்று அந்தக் கருவிக்கு வயது பத்துகூட ஆகவில்லை. 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் அது திருட்டுப்போனது. திருட்டுப்போன பேஸ்கள் இப்படித்தான் கைமாறி எங்கோ கரைந்துபோகின்றன. ஆகவே விற்பவர் இதை எப்போது, யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள். பழைய ரசீது, அதை அவர் மேடையில் வாசிக்கும் பழைய படம் எதுவானாலும் பயன்படும். நிறத்தைப் பற்றிய வழக்கையும் ஒரு 1967ஆம் ஆண்டுப் புகைப்படம் தீர்த்துவைத்துவிடும்.

இனி உங்கள் 6,000 டாலர். இணையத்தில் பலரும் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிது. என் கணிப்பை வெளிப்படையாகச் சொல்கிறேன். துளைகளும் நெக் குழியும் கறுப்பு அசல் என்று காட்டி, பிக்கப்பும் நெக்கும் நலமாக இருந்தால், 6,000 டாலருக்குத் தயங்காமல் வாங்குங்கள். மறுபூச்சு, ஆனால் உள்ளே குடைவு இல்லை, நெக் நேராக இருக்கிறது என்றால் அது மேடைக்கு அருமையான கருவி. கேட்கும் விலையில் மட்டும் நன்றாகக் குறைத்துத்தான் நான் பேசத் தொடங்குவேன். சேகரிப்பாளர்கள் ஒதுக்கும் இத்தகைய பேஸ்களைத்தான் என்னிடம் வரும் தொழில்முறைக் கலைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். ஏற்கெனவே விழுந்த விலை இன்னொரு முறை அதே காரணத்துக்காக விழப்போவதில்லை என்பதால், நஷ்டப்படக் கூடாது என்ற உங்கள் கவலைக்கும் அது பொருந்திவரும். நெக் முறுக்கியிருந்தாலோ ட்ரஸ் ராடு முடிந்துபோயிருந்தாலோ, எவ்வளவு அசலாக இருந்தாலும் உங்கள் தேவைக்கு உதவாது. பிக்கார்டைக் கழற்ற விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று: இந்தப் பேஸ் ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கப்போகிறது. ஃபெண்டர் அறுபதுகளின் நடுவில்தான் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஈட்டி மரம்தான் அது. 1966 கருவியில் இரண்டில் எதுவும் இருக்கலாம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் அதை எல்லை தாண்டி விற்கக் கூடாது. இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. படத்தைப் பார்த்து எந்த மரம் என்று நான் சொல்லமாட்டேன். நேரில் பார்த்தே தேர்ந்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரை அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், கனடா பக்கத்து விதியை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டியிருந்தால் அதற்கு நாளாகும். அந்தக் காத்திருப்புக்கு ஏற்ப முன்பணம் எவ்வளவு, மீதித் தவணை எப்போது என்பதை விலை பேசும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.